முப்பது லிட்டர், முப்பது கிலோமீட்டர்

ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் எத்தனை லிட்டர் பெட்ரோல் வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது? ஸ்கூட்டர் டேங்கில் கிடப்பதைக் கேட்கவில்லை. தனியாக, கேனிலோ பாட்டிலிலோ, மாடிப்படிக்கு அடியில்.

சொட்டுகூட வைக்கக்கூடாது என்றுதான் நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சட்டம் அவ்வளவு கறார் இல்லை. 1934-ம் வருடத்து பெட்ரோலியம் சட்டம், எட்டாவது பிரிவு. விற்பதற்காக இல்லையென்றால் 30 லிட்டர் வரைக்கும் லைசென்ஸ் வேண்டாம். கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரம் என்றால் ஒவ்வொன்றும் ஒரு லிட்டருக்குள் இருக்கவேண்டும். உலோகம் என்றால் 25 லிட்டருக்குள். மூடி இறுக்கமாக இருக்கவேண்டும். அவ்வளவுதான்.

பிளாஸ்டிக்? அந்தப் பேச்சே அந்தப் பிரிவில் இல்லை. 1934-ல் பிளாஸ்டிக் கேனை யார் பார்த்தார்கள்? ஆக, நமக்குத் தெரிந்த ஒரே கேன் எதுவோ, அது சட்டத்தின் பட்டியலிலேயே கிடையாது. இதை ஒரு ஓரமாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

இப்போது இன்னொரு முப்பது. தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னாருக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்குப் போகிற தூரம்தான். ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், வேதாளை, தேவிபட்டினம், தொண்டி என்று நீளும் ராமநாதபுரத்துக் கரைக்கு இந்த 30 கிலோமீட்டர்தான் வரமும் சாபமும். இக்கரையில் ஒரு விலை, அக்கரையில் வேறு விலை என்று ஆனால் என்ன நடக்கும்? காமர்ஸ் படித்த யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். சரக்கு தானாக நடக்க ஆரம்பிக்கும். துணி நடந்தது. பீடி நடந்தது. சோப்பு நடந்தது. 1980களின் பிற்பகுதியில் பெட்ரோல் நடக்கத் தொடங்கியது.

தொடங்கிய நாளைக்கூட ஓரளவு குறிக்கலாம். 1987 ஜனவரி. யாழ்ப்பாணத்தின் சிவில் நிர்வாகத்தை நாங்களே நடத்தப்போகிறோம் என்று புலிகள் சொல்ல, ஜெயவர்த்தனே அரசாங்கம் குடாநாட்டுக்கு எரிபொருள் போவதை நிறுத்தியது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற பம்புசெட், மீன்பிடிப் படகு, ஆஸ்பத்திரி ஜெனரேட்டர், மோட்டார் சைக்கிள் எல்லாம் ஒரே நேரத்தில் விக்கின. அடுத்த ஐந்தாவது மாதம் இந்தியா நிவாரணப் பொருட்களோடு 19 படகுகளை அனுப்பியது. எங்கிருந்து? ராமேஸ்வரத்திலிருந்து. ஜூன் 3-ம் தேதி. ஊரே கூடி நின்று வழியனுப்ப, நடுக்கடலில் இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டது. மறுநாள் விமானத்தில் போய் உணவுப் பொட்டலம் போட்டதெல்லாம் சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது. ஆபரேஷன் பூமாலை என்று பேர்.

வேடிக்கை என்னவென்றால், பட்டப்பகலில் கொடி கட்டிக்கொண்டு போன படகுகள்தான் திரும்பின. ராத்திரியில் போனவற்றில் பல திரும்பவில்லை. போய்ச் சேர்ந்துகொண்டேதான் இருந்தன.

நிஜமான பஞ்சம் 1990-ல் வந்தது. அந்த வருடம் மார்ச்சில் இந்திய அமைதிப்படை கப்பலேறியது. ஜூனில் மறுபடி யுத்தம். யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் கட். பெட்ரோல், டீசல், பேட்டரி என்று ஒரு நீளமான தடைப்பட்டியல். மண்ணெண்ணெய் மட்டும் ஏதோ கொஞ்சம், யானை விலையில். அப்போது யாழ்ப்பாணத்து மனிதர்கள் செய்த காரியங்களைத் தனிப் புத்தகமாகவே எழுதலாம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சைக்கிள் வால்வுக்குள் திரியைச் செருகி, நாலைந்து ஸ்பூன் மண்ணெண்ணெயில் பிள்ளைகளைப் பரீட்சைக்குப் படிக்கவைத்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். மோட்டார் சைக்கிளையும் பழைய ஆஸ்டின், மாரிஸ் கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள்.

அதெப்படி ஓடும்? ஓடும். குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் பற்றாது. முதலில் சில சொட்டு பெட்ரோலை கார்புரேட்டரில் விட்டுக் கிளப்பவேண்டும். என்ஜின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறிக்கொள்ளலாம். புகை மண்டும், நாற்றம் குடலைப் பிடுங்கும், ஆனால் போகும். ஆக, ஒவ்வொரு வண்டிக்காரர் கையிலும் ஒரு குட்டி பாட்டில். அதில் உயிரைவிட மேலான கொஞ்சம் பெட்ரோல். அந்தக் கொஞ்சத்தில் ஒரு பகுதி எங்கிருந்து போனது என்று யாருக்கும் தெரியாமல் இல்லை.

தமிழ்நாட்டுக் கரைக்கு வருவோம். இந்தக் கதையை எழுதியவர்கள் எல்லோரும் கடலைத்தான் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எந்தப் படகு, எத்தனை பேரல், எந்தக் கியூ பிராஞ்ச் அதிகாரி என்று. 1990-லேயே இந்தியக் கடற்படை பாக் நீரிணையில் ஆபரேஷன் தாஷா என்று ஒரு ரோந்தை ஆரம்பித்துவிட்டது. 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூர். அதற்கடுத்த வருடம் புலிகளுக்குத் தடை. பிறகு கெடுபிடிக்குக் கேட்கவேண்டுமா? செக்போஸ்ட், சோதனை, கேனோடு பங்க்குக்குப் போனால் ஆயிரம் கேள்வி.

நான் கேட்க விரும்புவது வேறு. அத்தனை பெட்ரோலும் படகில் ஏறுவதற்கு முன்னால் எங்கே இருந்தது?

எங்கே இருக்கும்? பங்க்கிலிருந்து நேராகப் படகுக்கு யாரும் குழாய் போடவில்லை. இருபது லிட்டர், முப்பத்தைந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, அமாவாசை வரைக்கும், காற்று அடங்கும் வரைக்கும், ரோந்து நகரும் வரைக்கும் எங்காவது வைத்திருக்கத்தான் வேண்டும். மணலுக்குள், புதருக்குள், வீட்டுக்குள். அது கடத்தல் சரக்கு மட்டும் இல்லை என்பதுதான் இதில் முக்கியம். தொழிலுக்குப் போகிற ஒழுங்கான மீனவருக்கும் எரிபொருள் வேண்டும். நாளைக்கு பங்க்கில் கேனுக்கு ஊற்றுவார்களா, மாட்டார்களா என்று தெரியாதபோது அவர் என்ன செய்வார்? கிடைக்கிற அன்றைக்கு இரண்டு கேன் கூடுதலாக வாங்கி வீட்டில் வைப்பார். நீங்களும் அதைத்தான் செய்வீர்கள். கெடுபிடி ஏற ஏற, கடலுக்குப் போகிற பெட்ரோல் குறைந்ததோ இல்லையோ, வீட்டுக்குள் உட்கார்ந்த பெட்ரோல் கூடத்தான் செய்திருக்கும்.

அது எப்பேர்ப்பட்ட வீடு என்பதையும் யோசியுங்கள். பனை ஓலைக் கூரை. பக்கத்துக் குடிசைக்கும் இதற்கும் ஆள் நுழைகிற சந்து. மூன்று கல் அடுப்பு. அதில் ராமநாதபுரம் ஜில்லாவில் பஞ்சமே இல்லாத ஒரே சரக்கான சீமைக் கருவேல விறகு.

பெட்ரோல் எரிவதில்லை தெரியுமா? எரிவது அதன் ஆவி. மைனஸ் 40 டிகிரியிலேயே, அதாவது நம் ஊரில் எந்தக் காலத்திலும் வராத குளிரிலேயே, அது பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடத் தொடங்கிவிடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாது. தரையோடு தரையாக, பாம்பு மாதிரி ஊர்ந்து போகும். நூறு பங்கு காற்றில் ஒன்றரைப் பங்கு கலந்தால் போதும், பற்றுவதற்குத் தயார். தரையில் என்ன இருக்கிறது? அடுப்பு இருக்கிறது. கேன் ஒரு மூலையில், அடுப்பு இன்னொரு மூலையில் என்று நிம்மதியாக இருக்கவே முடியாது. கேன் இருக்கிற இடத்துக்கு நெருப்பு போகவேண்டியதில்லை. ஆவியே நெருப்பைத் தேடிக்கொண்டு போகும்.

இன்னொன்று, வெயில். பெட்ரோல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். விடிகாலை 25 டிகிரியில் 20 லிட்டர் கேனைக் கழுத்து வரைக்கும் நிரப்பி, மத்தியானம் தகரக் கொட்டகைக்குள் 45 டிகிரியில் வைத்துப் பாருங்கள். கால் லிட்டருக்கும் மேல், ஏறக்குறைய 400 மில்லி, இடம் கேட்கும். இடம் இல்லையென்றால் கேன் உப்பும், மூடி வழியாக அழும். பிளாஸ்டிக்கில் ஊற்றும்போது உரசலில் உண்டாகும் மின்சாரம் வேறு. விவரம் தெரிந்தவர்கள் கேனைத் தரையில் வைத்துத்தான் நிரப்புவார்கள். வண்டியில் வைத்தபடியோ கையில் தூக்கிப் பிடித்தபடியோ நிரப்பமாட்டார்கள். காலி கேனையும் நம்பமாட்டார்கள். உள்ளே தங்கிய ஆவி காற்றோடு சரியாகக் கலந்து நிற்பது அதில்தான்.

சரி, இந்த அபாயத்தையெல்லாம் சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவர்களுடைய ஊர் வேறு. இந்த இடத்தில் ஒரு சின்னச் சுற்று போய்வர அனுமதியுங்கள்.

முதலில் நம் வீட்டுக்கு வந்தது பெட்ரோல் இல்லை, சீமெண்ணெய். சில ஊர்களில் கிருஷ்ணாயில். கெரோசின் ஆயில் என்பது கிருஷ்ணனுக்குச் சொந்தமானது இப்படித்தான். அமெரிக்காவில் இதைக் காய்ச்சி எடுக்க ஆரம்பித்த 1860களில் பெட்ரோலுக்கு மதிப்பே கிடையாது. கழிவு என்று ஆற்றில் கொட்டினார்கள். கொட்ட மனசு வராதவர்கள் மண்ணெண்ணெயில் கலந்து விற்றார்கள். விளக்குகள் வெடித்தன. வீடுகள் எரிந்தன. எங்கள் சரக்கு ஒரே தரம், கலப்படம் இல்லை என்று காட்டத்தான் ராக்ஃபெல்லர் தன் கம்பெனிக்கு ஸ்டாண்டர்டு ஆயில் என்று பெயரே வைத்தார்.

எத்தனை டிகிரியில் ஆவி பற்றுகிறது என்று சோதித்தால் கலப்படம் தெரிந்துவிடும். பிரிட்டனில் சர் ஃப்ரெடரிக் ஏபல் என்ற ரசாயன நிபுணர் அதற்கு ஒரு மூடிய கிண்ணக் கருவி செய்துகொடுத்தார். 1879-ல் பிரிட்டிஷ் சட்டம் அந்தக் கருவியில் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டைக் கோடாகக் கிழித்தது. அதற்குக் கீழே பற்றினால் ஆபத்தான சரக்கு, மேலே என்றால் பரவாயில்லை. 73 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது ஏறக்குறைய 23 டிகிரி செல்சியஸ். இன்றைக்கும் இந்தியச் சட்டத்தில் 'ஏ' வகுப்பு பெட்ரோலியத்துக்கான கோடு 23 டிகிரி செல்சியஸ்தான்.

லண்டனில் 23 டிகிரி என்றால் நல்ல கோடை. பாம்பனில் 23 டிகிரி என்பது மார்கழி விடியற்காலையில் போர்வையைத் தேடுகிற குளிர்! நம் தரக் கட்டுப்பாட்டின்படி மண்ணெண்ணெயும் டீசலும் குறைந்தது 35 டிகிரி தாங்கவேண்டும். சித்திரை, வைகாசியில் ராமநாதபுரத்துத் தகரக் கூரைக்கு அடியில் 35 டிகிரி என்பது காலை பத்து மணி சமாச்சாரம். அப்போது 'பி' வகுப்பு மண்ணெண்ணெய், நடத்தையில் 'ஏ' வகுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சட்டமோ அதை லைசென்ஸ் இல்லாமல் 2,500 லிட்டர் வரை வைத்துக்கொள்ளலாம் என்கிறது.

பாத்திரத்தின் கதையும் இதே மாதிரிதான். 1892-ல் மார்கஸ் சாமுவேல் என்ற லண்டன் வியாபாரி முரெக்ஸ் என்ற டேங்கர் கப்பலை சூயஸ் கால்வாய் வழியாக ஆசியாவுக்கு அனுப்பினார். அதுவரைக்கும் எண்ணெய் டின்களில் வந்தது. இனி கப்பலின் வயிற்றிலேயே வரும், டின் செலவு மிச்சம், ஸ்டாண்டர்டு ஆயிலை அடித்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு. (சாமுவேலின் அப்பா சிப்பி வேலைப்பாடு செய்த பெட்டி விற்றவர். ராமேஸ்வரம் கோயில் வாசலில் இன்றைக்கும் விற்கிறதே, அந்த ரகம். பிள்ளை கப்பலுக்கு ஒரு சங்கின் பெயரை வைத்ததும், கம்பெனிக்கு ஷெல் என்று பெயர் வைத்ததும் அதனால்தான்.) கணக்கு சரி. சரக்குதான் நகரவில்லை. ஆசியாக்காரர்களுக்கு எண்ணெயைப் போல டின்னும் வேண்டியிருந்தது! அதை வெட்டிக் கூரை போட்டார்கள், அடுப்பு செய்தார்கள், தண்ணீர் சுமந்தார்கள். கடைசியில் சாமுவேல் இங்கேயே சிவப்பு டின் செய்து அதில் ஊற்றி விற்கவேண்டியதாயிற்று.

அதே நாலு காலன் அளவில் பிரிட்டிஷ் ராணுவம் பெட்ரோலுக்கும் மெல்லிய தகர டின் வைத்திருந்தது. இரண்டாம் உலகப்போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் அது ஒழுகி ஒழுகியே மானத்தை வாங்கியது. எதிரிலே ஜெர்மன்காரன் 1937-லேயே செய்துவைத்திருந்த இருபது லிட்டர் கேன். மூன்று கைப்பிடி, ஒழுகாத மூடி, நிரப்பினாலும் மேலே காற்றுக்கு இடம் விடுகிற கூன் முதுகு. பிரிட்டிஷ்காரர்கள் வெட்கப்படாமல் காப்பியடித்தார்கள். ஜெர்மானியனுக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர் ஜெர்ரி. ஆகவே ஜெர்ரிகேன். 1934-ன் சட்டம் மனதில் வைத்திருந்த 'உலோகப் பாத்திரம்' ஒழுங்கான வடிவத்தில் வந்தது அதற்குப் பிறகுதான். அந்தக் கேன் நம் கடற்கரைக்குப் பெரிதாக வரவே இல்லை. உப்புக் காற்றில் இரும்பு எத்தனை நாள் தாங்கும்? பிளாஸ்டிக் வந்தது. லேசு. விலை குறைவு. துருப்பிடிக்காது.

இங்கேதான் என் ஆதங்கம். 1990-லிருந்து 2009 வரை, கிட்டத்தட்ட இருபது வருடம், ராமநாதபுரம் கரையில் பெட்ரோலைத் தேடாத இலாகா கிடையாது. கஸ்டம்ஸ், கியூ பிராஞ்ச், கடலோரக் காவல்படை, கடற்படை. தேடிய ஒவ்வொருவரும் கேட்டது ஒரே கேள்வி. இது யாருக்குப் போகிறது? கேட்கவேண்டிய கேள்விதான், மறுக்கவில்லை. அந்தப் பெட்ரோலில் ஓடிய எல்லாமே ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் இல்லை. ஆனால் இது யாருக்குப் பக்கத்தில் இருக்கிறது, அந்த அறையில் தூங்குவது எத்தனை குழந்தைகள் என்று கேட்கிற வேலை ஒரு இலாகாவுக்கும் ஒதுக்கப்படவில்லை. 2000களில் பெட்ரோலியம் சட்டத்தை மீறினால் முதல் தடவைக்கு அதிகபட்சம் ஒரு மாதம் சாதாரணச் சிறை அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம், இல்லையென்றால் இரண்டும். கடத்தல்காரருக்கு அது ஒரு செலவுக் கணக்கு. குடிசைக்காரருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. தெரிந்திருந்தால் பயன்படக்கூடிய விஷயம் அதில் இருந்தது. சின்னச் சின்னப் பாத்திரமாகப் பிரித்து வை, இறுக மூடு, 30-ஐத் தாண்டாதே.

ராமநாதபுரத்துக்காரர்கள் படிக்காதவர்கள், அதனால்தான் இப்படி என்று யாராவது நினைத்தால், 2012 மார்ச்சில் பிரிட்டனுக்கு ஒரு நடை போய்வாருங்கள். டேங்கர் டிரைவர்கள் ஸ்டிரைக் செய்யப்போகிறார்கள் என்று பேச்சு. ஃபிரான்சிஸ் மாட் என்ற அமைச்சர், கராஜில் ஒரு ஜெர்ரிகேனில் கொஞ்சம் பெட்ரோல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று ஜனங்களுக்கு யோசனை சொன்னார். பங்க்குகளில் கூட்டம் அலைமோதியது. சில நாட்களுக்குள் யார்க் நகரத்தில் ஒரு பெண்மணி சமையலறையில் நின்றபடி பெட்ரோலை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, அடுப்பிலிருந்து ஆவி பற்றி உடம்பெல்லாம் வெந்துபோனார். அந்த ஸ்டிரைக் கடைசிவரை நடக்கவே இல்லை.

2022-ல் இலங்கை முழுவதுமே 1990-ன் யாழ்ப்பாணமாக மாறியது. இந்த முறை தடை போட்டது யாரும் இல்லை, கஜானாவில் டாலர் இல்லை. ஜூன் கடைசியில் ஒரு லிட்டர் பெட்ரோல் 470 இலங்கை ரூபாய். அதுவும் இரண்டு வாரத்துக்கு அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் என்றது அரசாங்கம். நாள்கணக்கில் வரிசையில் நின்று வாங்கியதை யார் வண்டியில் விட்டுவைப்பார்கள்? திருட்டுப்போகும். வீட்டுக்குள் பாட்டிலில் இறக்கி வைத்தார்கள். தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பற்றி அந்த ஊர்ப் பத்திரிகைகள் எழுதின. ஜூலையில் கியூ.ஆர். கோடு முறை வந்து, வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர், காருக்கு 20 லிட்டர் என்று உறுதியான பிறகுதான் பதற்றம் குறைந்தது. அளவு ரொம்பக் குறைவுதான். ஆனாலும் அடுத்த வாரமும் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டதே.

அந்த வருடம் பிப்ரவரியிலேயே இந்தியா எரிபொருள் வாங்க இலங்கைக்கு 50 கோடி டாலர் கடன் கொடுத்திருந்தது. ஒரு காலத்தில் ராத்திரியோடு ராத்திரியாகக் கேனில் போனது, இப்போது கையெழுத்துப் போட்டுக் கப்பலில் போனது. எதிர்த் திசையில் மனிதர்கள் வந்தார்கள். மார்ச் 22-ம் தேதி மட்டும் 16 பேர், குழந்தை குட்டிகளோடு தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கினார்கள்.

இக்கரையில் வீட்டுக் கேன்கள் இன்னும் இருக்கின்றன. இப்போது எல்லாம் முறைப்படி. நாட்டுப்படகுகளில் மாட்டுகிற வெளிப்பொருத்து என்ஜின்களில் ஒரு ரகம், யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள் மாதிரியேதான். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அந்த மண்ணெண்ணெயை அரசாங்கம் மானிய விலையில் தருகிறது. 2023 ஆகஸ்ட் 18-ம் தேதி மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் ஸ்டாலின் ஒரு படகுக்கு வருடத்துக்கு 3,400 லிட்டராக இருந்ததை 3,700 லிட்டர் ஆக்குவதாக அறிவித்தார். மீனவர்கள் நெடுநாளாகக் கேட்டது. நல்ல விஷயம். மாதத்துக்கு வகுத்துப் பாருங்கள், 300 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே.

மீன்வளத்துறை அந்த 300 லிட்டரைக் கார்டில் பதிந்து, அளந்து கொடுத்துவிடும். கடலோரப் போலீஸ் படகில் ஏறிப் பார்க்கும். பெட்ரோலியம் சட்டத்தைக் கவனிக்கிற தலைமை அலுவலகம் நாக்பூரில் இருக்கிறது. நடுவில், டெப்போவிலிருந்து வாங்கி வந்த நேரத்துக்கும் படகில் ஏற்றுகிற நேரத்துக்கும் இடையில், 35 லிட்டர் பிளாஸ்டிக் கேன்கள் வாசலிலோ திண்ணையிலோ வலைக் குவியலுக்குப் பக்கத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். என்ஜினைக் கிளப்புவதற்கான அந்தக் கொஞ்சம் பெட்ரோல் மட்டும் தனியாக, பெரும்பாலும் ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில், குழந்தைகளின் கை எட்டக்கூடாது என்று பரண்மேல் வைக்கப்பட்டிருக்கும். பரணுக்கு நேர் கீழே அடுப்பு.